வேலியும் மானும்

கிண்டிக் காட்டை அடுத்த கல்வி வளாகம் ஒன்றில் என் நண்பர் ஒருவர் பல ஆண்டுகள் குடியிருந்தார். கணக்குப் பேராசிரியர். ஆயினும் தம்மால் விடை காண முடியாத கணக்கு ஒன்று உண்டென்று அவர் அடிக்கடி சொல்லுவார். மாலையில் எண்ணினால் அவர் வீட்டுச் செம்பருத்தியில் இருபது மொட்டுகள் இருக்கும். காலையில் எண்ணினால் ஒன்றும் இராது. கழித்தவர் யார் என்பது தெரியும். கழித்தலை நிறுத்தும் வழிதான் தெரியவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் அவர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். நண்பர் வாசலில் நின்றபடியே செடியைச் சுட்டிக் காட்டினார். தளிர்கள் எல்லாம் போயிருந்தன. எஞ்சிய காம்புகளின் நுனி பிய்த்தெடுத்தாற்போல் நார் நாராகத் தொங்கியது. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. ஆதலால் அது இலையை நறுக்குவதில்லை. கீழ்ப் பற்களுக்கும் மேல் ஈறுக்கும் இடையே பற்றி இழுத்துப் பிய்க்கிறது. முயல் கடித்த காம்போ கத்தியால் அரிந்தது போலிருக்கும். இவ்வேறுபாட்டைக் கொண்டே, இரவில் வந்த விருந்தாளி யார் என்பதைத் தோட்டக்காரர் அறிந்துகொள்வர்.

அன்று அவ்வளவு ஆராய்ச்சிக்குத் தேவை இருக்கவில்லை. விருந்தாளி இன்னும் விடைபெறவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு புள்ளிமான் காதுகளை முன்னே நீட்டிக்கொண்டு எங்களையே பார்த்து நின்றது.

"இதன் அழகைப் பார்த்தால் கோபம் வரவில்லை, செடியைப் பார்த்தால் அழகு தெரியவில்லை. ஐயா, தாங்கள் வரலாறு படித்தவராயிற்றே! மான் தாண்டாதிருக்க எத்தனை அடி உயரத்தில் வேலி எழுப்ப வேண்டும் என்று தங்கள் வரலாறு சொல்லுமா?" என்று நண்பர் வினவினார்.

ஆறு முதல் எட்டடி உயரம் வேண்டும் என்று தோட்டக்கலை நூல்கள் கூறுவதை அவரிடம் சொன்னேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. வரலாற்றில் அதற்கு விடை உண்டு. அதுவும் விந்தையான விடை. ஒரு நாட்டில், பல நூற்றாண்டுகள், மானுக்கு எதிரான வேலி எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எவ்வளவு தாழ்வாக இருக்க வேண்டும் என்றே சொல்லியது. பயிரிட்டவன் வேலியிட்டான், அந்த வேலியை மான் எளிதில் தாண்ட முடிகிறதா என்று அரசனின் அதிகாரி வந்து பார்த்தான்! மாணவ நண்பர்களே, அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நம் நாட்டு நினைவு ஒன்று. விளைபயிரைக் காட்டுயிர்களிடமிருந்து காத்தல் தமிழர்க்குப் பழந்தொழில். குறிஞ்சி நிலத்தைப் பாடிய சங்கச் சான்றோர், தினைப்புனங் காக்கும் மகளிரைப் பாடாமல் விட்டதில்லை. பரணின்மேல் அமர்ந்து, தட்டை, தழல், குளிர் என்னும் கருவிகளால் ஒலி எழுப்பிக் கிளிகளை ஓட்டுவர். கவணிற் கல் வைத்து எறிவர். பெருவிலங்குகளுக்கென்று அடார் என்னும் கற்பொறியை ஆடவர் அமைப்பர். இரவெல்லாம் தீ மூட்டிக் காப்பதும் உண்டு. அம்பு பட்ட மான் இப்பக்கம் வந்ததா என்று கேட்டுக்கொண்டு தலைவன் தினைப்புனத்திற்கு வருவதும், தோழி அவன் உள்ளத்தை அறிந்து நகுவதும் அகத்துறைகளுள் இடம்பெற்றவை.

இவற்றையெல்லாம் விடச் சுவையானது வள்ளியம்மையின் கதை. மானின் வயிற்றிற் பிறந்து, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் விடப்பட்டு, வேடர் தலைவனால் வளர்க்கப்பட்ட பெண் அவள். வளர்ந்ததும் அவளுக்கு இடப்பட்ட வேலை என்ன? தினைப்புனங் காத்தல்! மான் ஈன்ற மகளே பயிருக்குக் காவல். மானும் பயிரும் ஒரே வீட்டின் இரு பக்கத்து உறவுகள் என்று நம் முன்னோர் எண்ணினர் போலும். இது கதை, சட்ட வரலாறு ஆகாது. எனினும் ஒன்றை இதிலிருந்து உணரலாம். புனத்தை உழுதவரே புனத்தைக் காத்தனர்; காத்தலுக்கு எவரிடமும் உத்தரவு கேட்டு நிற்கும் காட்சியை அப்பாடல்கள் நமக்குக் காட்டவில்லை.

இனி, உத்தரவு கேட்டு நிற்க வேண்டியிருந்த நாட்டிற்குச் செல்வோம்.

1066-ஆம் ஆண்டில் நார்மண்டித் தலைவன் வில்லியம், கடல் கடந்து வந்து இங்கிலாந்தை வென்றான். வென்றவன் போருக்கு அடுத்தபடியாக விரும்பியது வேட்டை. அதிலும் மான் வேட்டை. மான்களிடம் அவன் வைத்திருந்த பற்றை, தந்தை பிள்ளைகளிடம் வைக்கும் பற்றோடு ஒப்பிட்டு, அக்காலத்து ஆங்கில வரலாற்றுக் குறிப்பாளர் ஒருவர் கசப்போடு எழுதிவைத்தார். அந்தத் தந்தை தன் மற்றப் பிள்ளைகளாகிய குடிகளிடம் எப்படி நடந்துகொண்டான்? மானைக் கொன்றவனின் கண்களைப் பறிக்க வேண்டும் என்பது அவன் விதித்த தண்டனை.

நாட்டின் தென்பகுதியில் பெரும் நிலப்பரப்பு ஒன்றை வில்லியம் தன் வேட்டைக்கென ஒதுக்கினான். அதற்கு 'நியூ ஃபாரஸ்ட்' என்று பெயர். புதுக்காடு என்று நாம் சொல்லலாம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் அது இன்றும் புதுக்காடுதான்! 1086-ஆம் ஆண்டில் அவ்வரசன் எடுத்த நிலக்கணக்கு 'டூம்ஸ்டே' ஏடு எனப்படும். அதிலே, எந்தெந்த ஊர் நிலங்கள் அப்புதுக்காட்டிற்குள் அடங்கின என்பது பதிவாகியுள்ளது. அந்தக் காட்டிலேயே 1100-ஆம் ஆண்டில், அவன் மகனும் இங்கிலாந்தின் அரசனுமான இரண்டாம் வில்லியம் வேட்டையின்போது அம்பு பட்டு இறந்தான். காடு பழிவாங்கிவிட்டதென்று அக்காலத்து மக்கள் பேசிக்கொண்டனர்.

இங்கே 'ஃபாரஸ்ட்' என்னும் சொல்லைச் சற்று விளக்க வேண்டும். இன்று அச்சொல்லைக் கேட்டால் நம் மனத்தில் மரங்கள் தோன்றும். அன்று அது மரத்தைக் குறிக்கவில்லை, சட்டத்தைக் குறித்தது. 'வெளியே' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்ததென்று அறிஞர் கூறுவர். நாட்டின் பொதுச் சட்டத்திற்கு வெளியே, அரசனின் வேட்டைச் சட்டத்திற்கு உள்ளே நிற்கும் நிலம் எதுவோ அதுவே 'ஃபாரஸ்ட்.' அதற்குள் ஊர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன, வீட்டுத் தோட்டங்களும் இருந்தன. நிலத்தின் உடைமை பிறருடையதாக இருக்கலாம்; ஆனால் அங்கு மேயும் மான் அரசனுடையது. அது தின்னும் இலையும் தழையும்கூட அரசனின் பாதுகாப்பில் இருந்தன.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றியின் ஆட்சியில் இவ்வேட்டை நிலம் மிகப் பரந்தது. நாட்டின் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை இச்சட்டத்தின் கீழ் வந்ததென்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுவர். எசெக்ஸ் என்னும் மாவட்டம் ஏறக்குறைய முழுமையும் அதற்குள் அடங்கிவிட்டது. 1184-ஆம் ஆண்டில் ஹென்றி, வனச் சட்ட விதிகளைத் தொகுத்து வெளியிட்டான். காவலர், கண்காணிப்பாளர், விசாரணையாளர் என்று அதிகாரிகள் பலர் தோன்றினர். குற்றங்களுக்குத் தண்டம் வாங்கும் நீதிமன்றங்கள் ஊர் ஊராகச் சென்றன. காலப்போக்கில் கண்ணைப் பறிப்பதினும் காசைப் பறிப்பதே அரசனுக்கு ஊதியமாகப் பட்டது. வனச் சட்டம் கருவூலத்திற்கு ஒரு வருவாய்த் துறையாக மாறியது.

இச்சட்டத்தின் கீழ் வாழ்ந்த ஓர் உழவனை எண்ணிப் பாருங்கள். அவன் கோதுமை விதைத்திருக்கிறான். வீட்டை ஒட்டி அவரையும் முட்டைக்கோசும் பயிரிட்டிருக்கிறான். இரவில் மான் கூட்டம் வருகிறது. அவன் என்ன செய்யலாம்? அம்பெடுக்கக் கூடாது. வில்லோடு காட்டெல்லைக்குள் காணப்படுவதே ஐயத்திற்கு இடமாகும். நாயை ஏவலாம் என்றால், பெரிய நாய்கள் மானைத் துரத்தாதபடி அவற்றின் முன்னங்கால் விரல்கள் மூன்றை வெட்டியிருக்க வேண்டும். வெட்டாத நாய்க்குத் தண்டம் கட்ட வேண்டும். அதுவும் போகட்டும்; உயரமான வேலி கட்டிவிட்டு நிம்மதியாக உறங்கலாமே என்றால், அதற்கும் தடை. நிலத்தை அடைத்துக்கொள்ள உரிமம் கொடுத்தாலும், 'சிறு பள்ளமும் தாழ்ந்த வேலியும்' கொண்டே அடைக்க வேண்டும் என்று விதி வகுத்தனர். காரணத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. மான்கள் தடையின்றி உள்ளே வந்து வெளியே செல்ல வேண்டுமாம்.

குடிகளுக்கு அரசன் வேலி என்பது எல்லா நாட்டாரும் போற்றும் கொள்கை. வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்று நாம் ஒரு பழமொழி வழங்குகிறோம். அந்த இங்கிலாந்து உழவனுக்கு அப்பழமொழி தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அதன் பொருளை அவனைவிட நன்கு அறிந்தவர் எவரும் இலர். அவன் தோட்டத்தை மேய்ந்தது மான் என்று சொல்லுவதைவிட, மானின் வாயால் அரசனே மேய்ந்தான் என்று சொல்லுவதே பொருந்தும்.

குறை சொன்னவர்கள் ஏழை உழவர் மட்டும் அல்லர். பெருநிலக்கிழாரும் தம் சொந்த மரத்தைத் தம் விருப்பப்படி வெட்ட முடியாமல் குமுறினர். 1215-ஆம் ஆண்டில் ஜான் மன்னனைப் பணியவைத்து அவர்கள் பெற்ற 'மாக்னா கார்ட்டா' என்னும் உரிமைச் சாசனத்தை நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். அதில் வனச் சட்டத்தைப் பற்றியும் சில விதிகள் இருந்தன. அவை போதா என்று கருதப்பட்டமையால், 1217-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், வனங்களுக்கென்றே தனிச் சாசனம் ஒன்று வழங்கப்பட்டது. அப்போது அரியணையில் இருந்த மூன்றாம் ஹென்றிக்கு வயது பத்து. சிறுவனுக்காக ஆட்சியை நடத்திய முதுபெரும் வீரர் வில்லியம் மார்ஷல் அதற்கு முத்திரையிட்டவர்களுள் ஒருவர். 'மாக்னா' என்பதற்குப் 'பெரிய' என்று பொருள். அச்சாசனம் அப்பெயர் பெற்றதே, சிறியதாகிய இந்த வனச் சாசனத்திலிருந்து அதை வேறு பிரித்துக் காட்டத்தான். இன்று தம்பியின் பெயர் சொல்லாமல் அண்ணனின் பெயரை மட்டுமே உலகம் சொல்லுகிறது. 1217-ஆம் ஆண்டின் மூல ஏடுகளுள் இரண்டு, லிங்கன், டர்ஹம் ஆகிய இடங்களில் இன்றும் உள்ளன.

அச்சாசனம் என்ன சொல்லியது? மானைக் கொன்ற குற்றத்திற்காக இனி ஒருவனும் உயிரையோ உறுப்பையோ இழத்தல் கூடாது என்றது. தண்டம் கட்டலாம், கட்ட இயலாதவன் ஓராண்டும் ஒரு நாளும் சிறையில் இருந்து, பிறகு பிணை கொடுத்து வெளிவரலாம். அளவு மீறி வேட்டை நிலமாக்கப்பட்டவை திருப்பித் தரப்பட வேண்டும். மேலும், உரிமை பெற்ற குடிமகன் ஒவ்வொருவனும் வனத்திற்குள் தனக்குள்ள நிலத்தில் ஆலை அமைக்கலாம்; குளம் வெட்டலாம்; பள்ளம் தோண்டலாம்; மான் பதுங்கும் புதர்களுக்கு வெளியே உழுது பயிரிடலாம். அண்டை அயலாருக்குத் தீங்கு நேராமல் இருந்தால் போதும். அவன் காட்டில் கிடைக்கும் தேனும் அவனுக்கே உரியது என்று எழுதினர்.

சாசனத்தில் நகைப்பிற்கிடமான விதி ஒன்றும் உண்டு. பேராயரோ பிரபுவோ அரசனின் வனத்தின் வழியே செல்லும்போது ஓரிரு மான்களை வேட்டையாடிக் கொள்ளலாம். காவலன் அருகில் இருந்தால் அவன் கண்முன் செய்ய வேண்டும். அவன் இல்லையென்றால் கொம்பூதிவிட்டுச் செய்ய வேண்டும். ஏன் ஊத வேண்டும்? திருடுவதாக எவரும் எண்ணிவிடக் கூடாதே!

இச்சாசனத்தை மிகைப்படுத்திப் புகழ்தல் தகாது. 'உரிமை பெற்ற குடிமகன்' என்னும் சொற்களைக் கவனியுங்கள். அக்காலத்தில் நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையாட்களாகிய பெருந்தொகையினர் அந்த வட்டத்திற்குள் வரவில்லை. தாழ்ந்த வேலி ஒரே நாளில் உயர்ந்துவிடவும் இல்லை. ஆயினும் ஒரு பெரிய உண்மை ஏட்டில் ஏறிவிட்டது. மனிதன் உயிர் மானின் உயிருக்கு ஈடாகாது. உழுதவனுக்கு நிலத்தின்மேல் ஓர் உரிமை உண்டு. இவற்றை அரசனின் முத்திரையே ஒப்புக்கொண்டது.

அரசனின் பிடி தளர்ந்தபோது பிரபுக்களின் பிடி இறுகியது. அவர்கள் தத்தம் பண்ணையில் மான் பூங்காக்களை அமைத்தனர். 1300-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 3,000 மான் பூங்காக்கள் இருந்தன என்று மதிப்பிடுவர். இங்குதான் மானுக்கு எதிரான உண்மையான வேலியைக் காண்கிறோம். உட்புறம் ஆழ்ந்த பள்ளம். அதன் மண்ணைக் குவித்து எழுப்பிய கரை. கரையின்மேல் பிளந்த ஓக் மரப் பலகைகளால் ஆன உயர்ந்த வேலி. உள்ளிருக்கும் மான் பள்ளத்தில் நின்று மேலே தாவ வேண்டும். அது அதனால் ஆகாது. சில பூங்காக்களில் மான் பாயும் வழி ஒன்றைத் தந்திரமாக அமைத்தனர். வெளியிலிருந்து வரும் மான் எளிதில் உள்ளே குதிக்கும்; குதித்தபின் திரும்ப ஏற முடியாது. ஊராரின் பயிரைத் தின்று கொழுத்த மான், பிரபுவின் சமையலறைக்குப் போய்ச் சேர இதைவிட நல்ல வழி வேண்டுமா? உழவனின் பயிரைக் காக்க உயர்ந்த வேலி கூடாது. பிரபுவின் மானைக் காக்க உயர்ந்த வேலி உண்டு. ஆறடிப் பலகை ஒன்றே; அதை எழுப்பும் உரிமை மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

1381-ஆம் ஆண்டில் உழவர்கள் கிளர்ந்தெழுந்து இலண்டன் மாநகருக்குள் புகுந்தனர். அவர்கள் தலைவன் வாட் டைலர் அரசனிடம் வைத்த கோரிக்கைகளுள், நீர்நிலைகளிலும் பூங்காக்களிலும் காடுகளிலும் யாவரும் வேட்டையாடும் உரிமை வேண்டும் என்பதும் ஒன்று என அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் குறிக்கிறார். கோரிக்கை நிறைவேறவில்லை, வாட் டைலர் கொல்லப்பட்டான். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த சட்டம், போதிய நிலவருவாய் இல்லாதவர் வேட்டை நாயும் வலையும் வைத்திருத்தல் கூடாது என்று விதித்தது.

18-ஆம் நூற்றாண்டிற்கு வருவோம். அப்போது ஆங்கிலப் பிரபுக்களுக்குப் புதிய ஆசை ஒன்று தோன்றியது. மாளிகைச் சாளரத்திலிருந்து பார்த்தால், பூந்தோட்டமும் புல்வெளியும் அப்பால் மேயும் மான்களும் ஒரே ஓவியம் போல் தொடர்ந்து தெரிய வேண்டும். இடையில் மதில் கண்ணை உறுத்தக் கூடாது. ஆனால் மான் பூந்தோட்டத்திற்குள் வந்துவிடவும் கூடாது. இதற்கு அவர்கள் கண்ட வழி, மதிலை நிலத்திற்குள் புதைத்துவிடுவது. தோட்டத்தின் ஓரத்தில் ஆழ்ந்த பள்ளம் வெட்டி, தோட்டப் பக்கத்தில் செங்குத்தாகச் சுவர் எழுப்பி, மறுபக்கத்தைச் சரிவாக விட்டனர். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் புல்வெளி மட்டுமே தெரியும். அருகில் வந்ததும் பள்ளத்தைக் கண்டு வியந்து 'ஆ, ஆ' என்பர். அதனால் அதற்கு 'ஹா-ஹா' என்றே பெயர் நிலைத்தது. பிரெஞ்சு நாட்டுத் தோட்டக்கலை நூல் ஒன்று 1709-ஆம் ஆண்டிலேயே அதை விளக்கியுள்ளது. இங்கிலாந்தில் சார்லஸ் பிரிட்ஜ்மன் என்னும் தோட்டக் கலைஞர் ஸ்டோ மாளிகையில் அதைப் பெரிய அளவில் அமைத்துப் புகழ் பெற்றார்.

பிரபுக்கள் 'ஆ' என்று வியந்த அதே காலத்தில், வேறிடத்தில் 'ஐயோ' என்னும் குரல் எழுந்தது. விண்ட்சர் வனத்திலும் வால்தம் வேட்டைக்காட்டிலும், முகத்தில் கரி பூசிக்கொண்டு இரவில் மான்களைக் கொன்றவர்களை அடக்க, 1723-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கரும்பூச்சுச் சட்டம் என்று நாம் அதைச் சொல்லலாம். மான் திருட்டு, குளத்தின் கரையை உடைத்தல், தோட்ட மரங்களை வெட்டுதல் முதலாக ஐம்பதுக்கு மேற்பட்ட குற்றங்களுக்கு அது தூக்குத்தண்டனை விதித்தது. 1217-இல் சிறுவனாகிய அரசன் பெயரால் விலக்கப்பட்ட மரண தண்டனை, ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் மக்கள் மன்றம் எனப்பட்டதன் கையாலேயே திரும்பி வந்தது! அச்சட்டத்தின் பெரும்பகுதி நீங்க 1823-ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. உரிமை ஒருமுறை பெற்றால் என்றென்றும் நிலைக்கும் என்று எண்ணுவோர்க்கு இது நல்ல பாடம்.

கதையின் கடைசிப் பகுதி புதுக்காட்டிலேயே நிகழ்கிறது. 1851-ஆம் ஆண்டில் அங்குள்ள மான்களையெல்லாம் இரண்டாண்டுகளுக்குள் அகற்ற வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது. மானுக்கென்று உண்டாக்கிய காட்டிலிருந்து மானுக்கே வெளியேற்றம்! உழவரின் குறை தீர்ந்தது என்று மகிழ முற்படாதீர்கள். மானை விலக்கியதற்கு ஈடாக, அதே காட்டில் மரம் வளர்க்க மேலும் 10,000 ஏக்கர் நிலத்தை வேலியிட்டு அடைத்துக்கொள்ள அரசுக்கு அச்சட்டம் உரிமை அளித்தது. காலங்காலமாக அங்கு மாடும் குதிரையும் மேய்த்துவந்த ஊரார், மேய்ச்சல் நிலம் சுருங்குவதைக் கண்டு போராடினர். முன்னே வேலி கூடாதென்று வருந்தியவர்களின் வழித்தோன்றல்கள், பின்னே வேலி வேண்டாமென்று வருந்தினர். 1877-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய அடைப்புகளுக்கு வரம்பு கட்டி, ஊராரின் மேய்ச்சல் உரிமையைக் காக்கும் மன்றத்திற்குப் புத்துயிர் அளித்தது. அம்மன்றம் இன்றும் லிண்ட்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் கூடுகிறது. மான்களும் முற்றாக அழியவில்லை. இன்றும் அங்கே மேய்கின்றன. வனச் சாசனமோ, ஏழரை நூற்றாண்டுகள் ஏட்டில் இருந்து, 1971-ஆம் ஆண்டில்தான் முறைப்படி நீக்கப்பட்டது.

நண்பர்களே, இவ்வளவும் எதற்காகச் சொன்னேன்? மான் இலையைத் தின்பது அதன் இயல்பு. அதில் குற்றமும் இல்லை, அரசியலும் இல்லை. ஆனால் அவ்விலையின் இழப்பை யார் தாங்குவது என்று கேட்ட அந்தக் கணமே வரலாறு தொடங்கிவிடுகிறது. அரசனின் இன்பத்திற்காக உழவன் தாங்க வேண்டும் என்றது நார்மானியர் சட்டம். அதுவே அதன் அநீதி.

நம் நாட்டிலும் மானைக் காக்கும் சட்டம் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அது. மானைக் கொல்லக் கூடாது என்பதில் அதுவும் உறுதியானதே. அப்படியாயின் இரண்டும் ஒன்றுதானா என்று நீங்கள் கேட்கலாம். நோக்கத்தில் மலையும் மடுவும் போன்ற வேறுபாடு உண்டு. வில்லியம் மானைக் காத்தது தான் கொல்லுவதற்காக. நாம் காப்பது, அருகிவரும் உயிர்களை நம் பேரப்பிள்ளைகளும் காண்பதற்காக. எவனுடைய வேட்டை இன்பத்திற்காகவும் அன்று. யாவர்க்கும் பொதுவான செல்வமாக.

ஆனால் நோக்கம் உயர்ந்ததாய் இருந்தால் மட்டும் போதுமா? காட்டை அடுத்த ஊரில் கடலையும் துவரையும் விதைத்து, ஓர் இரவில் விளைவை இழந்தவனிடம் நம் நோக்கத்தின் உயர்வை எடுத்துரைத்தால், அவன் வயிறு நிறையாது. யாவர்க்கும் பொதுவான செல்வத்தைக் காக்கும் செலவும் யாவர்க்கும் பொதுவாக வேண்டும். பயிரிழப்பிற்கு ஈடு வழங்கும் முறைகள் நம் மாநிலங்கள் பலவற்றில் உண்டு. அவ்வீடு காலத்தில் கிடைப்பதும், வேலியிட உதவி கிடைப்பதும் அரசின் அருட்கொடை என்று கருதப்படலாகாது. அவை நீதியின் பகுதி. அவை தவறும் இடத்தில், எவ்வளவு நல்ல சட்டமும் அந்த உழவனின் கண்ணுக்குத் தாழ்ந்த வேலிச் சட்டமாகவே தோன்றும்.

மீண்டும் என் நண்பரின் தோட்டத்திற்கு வருகிறேன். கிண்டிக் காட்டின் ஒரு பகுதி, ஏறத்தாழ 270 ஹெக்டேர், 1978-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டது. ஒரு மாநகரின் நடுவே மானும் மனிதனும் சுவர்கள் சிலவற்றால் மட்டும் பிரிந்து வாழும் இடம் அது. நண்பர் எட்டடி வேலி எழுப்பவில்லை. "மான் வாழ்ந்த காட்டிற்குள் வந்து குடியேறியவன் நான். காட்டையே அடைத்துவிட்டு, என் வாசலையும் அதற்கு அடைப்பது முறையாகாது" என்றார். செம்பருத்தியைச் சுற்றி மட்டும் கம்பி வலையால் கூண்டு அமைத்தார். ஓரங்களில் நொச்சியும் ஆடாதோடையும் நட்டார். ஆடு தொடாத இலை ஆதலால் ஆடாதோடை என்று பெயர் பெற்றது அது. ஆடு தொடாததை மானும் பெரும்பாலும் விலக்கும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு ஏறக்குறையச் சரியாகவே அமைந்தது. இளமரங்களின் தண்டில் கலைமான் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரிக்காதபடி, மூங்கிற் பிளாச்சுகளைச் சுற்றிக் கட்டினார். புல்தரையை மட்டும் கட்டாமல் விட்டார்.

பின்னொரு முறை சென்றபோது, கூண்டிற்குள் செம்பருத்தி பூத்திருந்தது. கூண்டிற்கு வெளியே மான் மேய்ந்திருந்தது. "கணக்கு முடிந்ததா?" என்று கேட்டேன். "மீதியின்றி முடியவில்லை. வலைக்கு வெளியே நீளும் கிளை அதற்கு, உள்ளே இருப்பது எனக்கு" என்று சிரித்தார்.

செலவை அவர் தாமே ஏற்றார். அவரால் ஏற்கவும் முடிந்தது. ஏற்க முடியாதவர் நம் நாட்டில் பலர் உளர். காட்டோரத்து வயலில் இரவெல்லாம் பரணில் விழித்திருக்கும் உழவனை நினைக்கும்போது, தாழ்ந்த வேலிக்குப் பின்னால் நின்ற அந்தப் பழைய இங்கிலாந்து உழவனையும் சேர்த்து நினையுங்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அவன் கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் முழுமையாக விடை சொல்லி முடிக்கவில்லை. மானையும் காத்து, அவன் பயிரையும் காக்கும் வேலியை எழுப்புவது, இன்று கல்லூரியிலும் பள்ளியிலும் பயிலும் உங்கள் தலைமுறையின் பொறுப்பு.